மெசேஜ் எந்த நம்பருக்கு?

லிஃப்டைத் தாங்க ஒரு கம்பிக் கயிறு போதும். ஆனாலும் நான்கு போடுவோம். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு, மகளின் முதல் வங்கிக் கணக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் வாத்து என்று கூப்பிடுவோம். நடக்கக் கற்ற கையோடு நீந்தவும் கற்றவள். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அதற்கான தேர்வுக்காக மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து தண்ணீரில் கிடந்தாள். சம்பளத்தைக் கையில் தர மாட்டார்களாம். திங்கட்கிழமைக்குள் கணக்கு எண் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நீச்சல்குள மேனேஜர் சொல்லிவிட்டார்.

மூன்று வங்கிகளில் ஏறி இறங்கினேன். சர்வீஸ் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்: குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, கார்டு தொலைந்தால் என்ன செலவு, ஏ.டி.எம். வீட்டிலிருந்து எத்தனை நிமிடம். ஒரு வங்கியில் கார்டில் முயல் படம் போட்டுத் தந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

"எனக்குப் பதினாறு வயசுப்பா," என்றாள் வாத்து. முயல் போயிற்று.

கடைசியில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியே தேறியது. அங்கே இரண்டு வகை. ஒன்றில், அவள் ஒரு பேனா வாங்கினாலும் என் போனுக்கு மெசேஜ் வரும். இன்னொன்றில் அவள் போனுக்கு மட்டும்தான் வரும். நான் கையெழுத்துப் போடுவதோடு சரி. எனக்கு முதலாவது பிடித்தது, அவளுக்கு இரண்டாவது.

"நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டா உங்க பாக்கெட்ல மணி அடிக்கணுமா?"

"அடிச்சா என்ன? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்."

"கனமெல்லாம் ஒண்ணும் இல்ல. மடி என்னோடது, அவ்வளவுதான். நீங்க சொல்ற கணக்குன்னா நான் வேலைக்கே போகல."

சொன்னால் செய்வாள். பிடிவாதம் என் பக்கத்துச் சீதனம்.

ஊருக்குத்தான் உபதேசம். என் மடியிலேயே எட்டு வருடமாகக் கனம் இருக்கிறது. என் அக்காவும் என் மனைவியும் ஒரு கல்யாண வீட்டில் வாய்ச்சண்டை போட்டதோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அடுத்த மாதமே அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து மாதம் பிறந்தால் வங்கிக்குப் போய், சீட்டு எழுதி, அக்காவுக்கு ஒரு தொகை அனுப்புகிறேன். வீட்டில் மூச்சு விட்டதில்லை. போனில் மெசேஜும் வராது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற வங்கி என்று நாலு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூவரும் போனோம். என் பக்கம் ஒரு ஓட்டு கூடுமே என்று மனைவியை நான்தான் வரச் சொன்னேன். அவள் யார் பக்கமும் பேசாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெசேஜ் எந்த நம்பருக்குப் போகணும்?" என்று கேட்டாள் கவுன்ட்டர் பெண்.

"என் நம்பருக்கு," என்றேன்.

"என் நம்பருக்கு," என்றாள் வாத்து.

கவுன்ட்டர் பெண் தினமும் இதைப் பார்க்கிறவள் போல. "சாருக்கு இங்கேயே கணக்கு இருக்குல்ல? உங்க நம்பர்தான்னா அதையே எடுத்துக்கறேன். கடைசி நாலு, ஏழு ஏழு ஒண்ணு ஆறு."

"அது என் நம்பர் இல்லையே."

"அது அம்மா நம்பர்ப்பா," என்றாள் வாத்து.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்தாள். "கணக்கு ஆரம்பிச்சதுல இருந்து எல்லா மெசேஜும் இதுக்குத்தான் சார் போகுது. எட்டு வருஷமா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கணக்குத் தொடங்கிய வாரம் என் போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து தவிடுபொடியானது. இப்போதைக்கு என் நம்பரைக் குடுங்க என்று மனைவிதான் சொன்னாள். அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை.

தொண்ணூறு மெசேஜாவது போயிருக்கும். ஒவ்வொன்றிலும் தொகை, அக்காவின் பெயர். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏ.சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எல்லாத்தையும் பார்த்தியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பார்த்தேன்." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "கேட்டேனா?"

கேட்கவில்லை. எட்டு வருடத்தில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒன்றில்கூட, கோபத்தின் உச்சியில்கூட, ஜாடைமாடையாகக்கூட அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றதால் அழவில்லை.

"உங்க நம்பரா மாத்திடவா சார்?"

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

"பொண்ணோடதுக்கு?"

வாத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை அவள் பக்கம் தள்ளினேன். தன் நம்பரை எழுதினாள். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தாள், மெக்கானிக் மகள் அல்லவா. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் மேனேஜருக்குக் கணக்கு எண்ணை அனுப்பிவிட்டு, வாத்து குதித்துக்கொண்டே முன்னால் போனாள். நாங்கள் இருவரும் பின்னால் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம்.

"என்னங்க, போன மாசம் அனுப்பலையே?" என்றாள் மனைவி.

"கையில இல்ல. வாத்துக்குக் கண்ணாடி மாத்தினோம்ல."

"மத்த எல்லாத்தையும் கேப்பீங்க. கேக்க வேண்டியத மட்டும் கேக்க மாட்டீங்க."

கைப்பையைத் திறந்து நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள். நான் எண்ணவில்லை. மாதாமாதம் பார்க்கிறவளுக்குத் தொகை தெரியாதா?

"பேங்க் மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கு. போய் அனுப்பிட்டு வாங்க," என்றாள். "அனுப்பிட்டேன்னு வந்து சொல்ல வேணாம். எனக்கு மெசேஜ் வந்துடும்."