கற்றாழை டப்பாவுக்கு அடியில்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி பால்கனிப் பக்கம் கைகாட்டினார். தொண்டையில் புற்று. பல மாதமாகவே பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மறுநாள் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள்.

"மாயா, அந்த டிவிடி கீதே. ஒருக்கா என் கொரல கேட்டுட்டுப் போறேன்."

என் நைனா ஜெயவேல், ஹார்பரில் மூட்டை தூக்கியவர். சாயங்காலமானால் சாவு வீட்டில் கானா பாடுவார். புளியந்தோப்பிலிருந்து வியாசர்பாடி வரை யார் செத்தாலும், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் ஜெயவேல் வந்து பாடியாக வேண்டும். செத்தவர் பேர், பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் கேட்டு வாங்கி அப்படியே பாட்டில் கோத்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய தோஸ்து, டோலக் வாசிக்கும் பீம்ராவ் மாமா செத்துப்போனார். அன்றைக்கு நைனா பாடியதை மட்டும்தான் வீடியோ எடுத்து டிவிடி போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் அவர் பாடுவதையே விட்டுவிட்டார். இப்போது அவர் போனைக் குடைந்து பார்த்தேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படங்கள்தான் இருந்தன. ஆக, அவர் குரல் உலகத்தில் இருப்பது அந்த ஒரு டிவிடியில்தான்.

அதை எங்கே வைத்திருந்தார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மா பூவம்மா, சாவு வீட்டுச் சாமான் எதையும் வாசல்படி தாண்ட விடமாட்டாள். நைனாவே குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். டிவிடியைக் குளிப்பாட்டவா முடியும்? அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாசலுக்கு வெளியே பால்கனிக் கட்டைச்சுவரில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே கற்றாழை நட்ட சின்னப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டாள். வைத்தது வைத்ததுதான். எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்துவிட்டது அது.

நான் டப்பாவை நகர்த்தினேன்.

"சாயங்காலம் ஆஸ்பத்திரில போயி சேரணும். இப்போ போயி அத இன்னாத்துக்கு நோண்டுற?" என்றாள் அம்மா, பையில் துணி அடுக்கியபடியே.

கவரோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நின்றால் சண்டைதான்.

எதிர் வீட்டு அன்புக்கரசி அக்காவிடம் பழைய பிளேயர் இருந்தது. சொருகினேன். கரகரவென்று சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்றது. எடுத்து ஊதினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். மறுபடியும் 'நோ டிஸ்க்'. அக்கா தன்னுடைய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டாள். அது ஜம்மென்று ஓடியது. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அங்கே கடை வைத்திருக்கும் ரஷீது பாய்தான் அன்றைக்கு வீடியோ எடுத்தவர். நான் தவித்துக்கொண்டு நிற்கிறேன், மனிதர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரிஜினல் கேசட் எதனா கீதா?"

"அது மேல எத்தினியோ கல்யாணம் எடுத்தாச்சும்மா."

டிஸ்கை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "வெயில்ல போட்டு வெச்சீங்களா? கடையில வாங்குற சினிமா டிஸ்க்கு அச்சுல அடிச்சது. நாங்க எழுதிக் குடுக்கிறது சாயத்து மேல. வெயிலு அந்தச் சாயத்த துன்னுடும். ஓரமெல்லாம் பாரு."

பார்த்தேன். கற்றாழை டப்பா உட்கார்ந்திருந்த அளவுக்கு நடுவில் ஒரு ஊதா வட்டம். மற்றதெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"படம் நடுவுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். மொதல்ல கொஞ்சம் கெடைச்சாலும் கெடைக்கும்," என்றார்.

ஒரு கம்ப்யூட்டர் டிஸ்கை ஏற்கவே இல்லை. இன்னொன்று ஏற்றுக்கொண்டு வெளியே தள்ளியது. கடைசியாக மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி, வேகத்தைக் குறைத்துப் போட்டார். அது ஊர்ந்தது. அம்மா போன் மேல் போன் போட்டாள். நான் எடுக்கவில்லை. ஒருவழியாகச் சில நிமிஷம் பென் டிரைவில் ஏறியது. என்ன ஏறியது என்றுகூடப் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

வீட்டில் நைனா சட்டை போட்டுத் தயாராக இருந்தார். டிவியில் சொருகினேன். அம்மா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சாவு வீட்டை அவள் பார்க்க மாட்டாளாம்.

ஷாமியானா பந்தல், பீம்ராவ் மாமா வீட்டு வாசல், நடுவில் கருகருவென்று முடியோடு நைனா. மைக்கைத் தட்டினார்.

"ஹலோ. ஹலோ."

அடிவயிற்றிலிருந்து வரும் கட்டைக் குரல். அதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். எனக்கு அது மறந்தே போயிருந்தது. கட்டிலில் இருந்த நைனா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

படத்தில் யாரோ, "ஜெயவேலு, இன்னிக்கு விடிய விடியப் பாடணும்" என்றார்கள்.

"பாதில கெளம்பிடுவேன் மாமு," என்றது அந்தக் குரல். "வூட்ல பூவு துன்னாம உக்காந்துகினு இருப்பா. நான் போயி குளிச்சிட்டு உக்காந்தாத்தான் அவ சோத்துல கைய வெப்பா. பீம்ராவு கோச்சுக்க மாட்டான்."

டோலக்கில் ஒரு அடி விழுந்தது. நைனா பாட வாயைத் திறந்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

திரும்பப் போட்டேன். அதே இடம். ஒரு வரி பாட்டுகூட இல்லை. ரிமோட்டைக் கட்டில் மேல் வீசினேன்.

"இன்னும் கொஞ்சம் பெரிய டப்பாவா வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கூடத்துக்கு வந்து நைனா எதிரில் நின்றாள்.

"யோவ், நான் எப்போய்யா துன்னாம உக்காந்தேன்? வெளக்கு வெச்சதும் வயிறு முட்டத் துன்னுடுவேன். நீ வந்தப்புறம் உங்கூட சும்மா ரெண்டு வாய் வெப்பேன். நீ சீக்கிரம் வூட்டுக்கு வரணும்னு சொன்னதுய்யா அது. நெசம்னா நெனச்ச?"

நைனா அவளையே பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரிக்கிறார். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறார். எத்தனை சாவு வீட்டில் பாதிப் பாட்டோடு எழுந்து ஓடி வந்திருப்பார் இந்த மனிதர் என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அவர் டிவியைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினார். அம்மா ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அத இன்னொருக்கா போடு."

மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருந்தோம். காலையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் தாண்டிவிட்டது. இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் அவள் மடியிலேயே இருந்தது.

"துன்னும்மா. நீயும் மயக்கம் போட்டு வுழுந்தா நான் யாரப் பாக்குறது?"

அவள் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு வரட்டும்."