பொன்மணியின் ஒரே வசனம்

சங்கரன்கோவிலில் படம் பிடிக்க வந்தவர்கள் நல்லவர்கள் என்றுதான் பொன்மணி நம்பினாள். பெண்டாட்டியை அடிக்கிறவனை அவன் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழிவாங்குகிற கதை. டைரக்டரும் ஒரு பெண்தான். "எல்லா மாதிரிப் பொம்பளைங்களும் இதுல இருக்கணும், நிஜ முகமா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு தறிக்கூடத்துக்கே வந்து ஆள் எடுத்தாள்.

நிஜ முகம் வேண்டுமாம், கதாநாயகிக்கு மட்டும் வேண்டாமாம். அது வடக்கேயிருந்து வந்த வெள்ளைத்தோல் பெண். பொன்மணியின் கையை இழுத்து அவள் கையோடு ஒட்டி வைத்து, அந்த வெள்ளைத்தோலிலும் அதே கறுப்பு வரும்வரை மேக்கப்காரர் பூசிக்கொண்டே இருந்தார். பொன்மணியோடு தறியில் வேலை பார்க்கும் ரசீதாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேஷம். முந்தானையைத் தலையில் போட்டே பழகியவளுக்குப் புர்காவை மாட்டி, ஜன்னலோரம் நின்று அழச் சொன்னார்கள்.

"பாக்குதவங்களுக்கு நான் முஸ்லிம்னு தெரியணுமாம்" என்றாள் ரசீதா. "இல்லன்னா என்னய எதுக்குக் கூப்பிட்டோம்னு அவங்களுக்கே மறந்துரும் போல."

பொன்மணிக்கு அடிபடும் மனைவி வேஷம். ஒரே காட்சி, ஒரே வசனம். புருஷனாக நடிப்பவன் ஓங்கும் கையை எட்டிப் பிடித்து, "இனிமே கைய ஓங்குனா ஒடிச்சிருவேன்" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது நடிப்பே இல்லை. பதினாலு வருஷமாகப் புருஷன் இசக்கிராஜாவிடம் வாங்கியதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு வரியைச் சொன்னாள். வீட்டில் சொல்லத் துணிச்சல் வந்ததில்லை. ஊரே பார்க்கத் திரையில் சொல்லிவிட்டால் அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? அப்புறம் கை ஓங்குவானா என்ன? அதற்காகவே படம் வந்த அன்று பகல் காட்சிக்கு அவனையும் கூட்டிப் போனாள். தறிக்கூடத்துப் பெண்கள் மொத்தமும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

திரையில் அடி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. படுபாவிகள், ஒத்திகையில் தவறிப்போய் விழுந்த அடியைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு திரை முழுக்க அவள் முகம் வந்தது. வாய் அசைந்தது. கேட்டதோ யாரோ ஒருத்தியின் குரல்: "என்னை விட்டுருங்க மாமா, நான் பாவம்."

அவள் அவன் கையைப் பிடித்த இடமே படத்தில் இல்லை. கதவை உதைத்துக்கொண்டு கதாநாயகி வந்தாள், கறுப்புப் பூசிய கையால் அவனைத் துவைத்து எடுத்தாள். தியேட்டரில் விசில் பறந்தது.

"ஏட்டி, ஒன் வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுதே" என்று பின்னாலிருந்து செண்பகவல்லி குனிந்து கேட்டாள்.

தறி ஓடுகிற இரைச்சலில் பேச்சு காதில் விழாது. அங்கே எல்லாரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவள் நிஜமாக என்ன சொன்னாள் என்று பின்வரிசை முழுக்கத் தெரிந்துபோனது. இசக்கிராஜாவும் இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவன்தான்.

படம் விட்டதும் அவள் உதவி டைரக்டருக்குப் போன் போட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள்.

"அக்கா, நீங்களே கையப் பிடிச்சுட்டா அப்புறம் ஹீரோயினுக்கு என்ன வேலை? ஆனா உங்க வலி சூப்பரா வந்திருக்கு" என்றான் அவன்.

தியேட்டர் வாசலில் இசக்கிராஜா பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் வந்திருந்தாலாவது பரவாயில்லை. சிரித்தான்.

"என்னய ஒடிச்சிருவியோ?"

"ஆமா" என்றாள் பொன்மணி. சத்தமாகவே சொன்னாள். "கைய ஓங்குனா ஒடிச்சிருவேன்."

"படம் எடுத்தவங்களே நீ செய்வேன்னு நம்பலயேட்டி. நான் எதுக்கு நம்பணும்?"

அன்று சாயங்காலம் குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று கை ஓங்கினான். முன்பெல்லாம் ஓங்குவதற்குமுன், எதிர்த்துவிடுவாளோ என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்குப் பார்க்கவில்லை.