குங்குமம் இருந்த முனை

அண்ணன் சாகும்வரை மூன்று மாதம் என் அலமாரியில் தூங்கிய ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பற்றி அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தெமியாங்கிலிருந்து பெடாஸ் தோட்டத்துக்குப் போனேன். முதலில் அண்ணனின் காடியை ஓட வைப்பது, பிறகு சொல்வது. ஓடுகிற காடியின் முன்னால் நின்று சொன்னால் திட்டு கொஞ்சம் குறையும் என்று ஒரு கோழைக் கணக்கு.

அண்ணன் கணேசமூர்த்தியின் காடி 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர் கார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க அதில் பாயிண்ட்தான் உண்டு. இரண்டு சின்ன உலோகத் துண்டுகள், ஒட்டி ஒட்டிப் பிரிய வேண்டும். மழைக்காலத்தில் அது பூத்துப்போகும். காடி காலையில் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அண்ணன் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எழுப்புவார்.

"தூக்கிப் போட்டுட்டு எலெக்ட்ரானிக் மாட்டுண்ணே" என்று பத்து வருடம் நச்சரித்தேன். செனாவாங்கில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் எனக்கு இருபது வருடம். எனக்குத் தெரியாத எலெக்ட்ரானிக்கா என்ற திமிர். கடைசியில் ஒருநாள், "சரி லா, வாங்கு. அண்ணிக்குத் தெரிய வேணாம், காடிக்கே காசக் கொட்றேன்னு கத்துவா" என்றார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், அதுதான் அந்தப் பெட்டி. அடுத்த லீவில் வந்து மாட்டுகிறேன் என்றேன். ஒரு லீவு ஓவர்டைமில் போனது. ஒரு லீவு பந்து விளையாட்டு பார்த்ததில் போனது. மற்ற லீவுகளில் சும்மா தூங்கினேன்.

நவம்பரில் ஒரு மழைக் காலையில் காடி கிளம்பவில்லை. அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ரெம்பாவ் சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது.

"மோட்டார எடுத்துட்டுப் போங்க, லேட்டாவுது" என்று அன்று சொன்னது புஷ்பவள்ளி அண்ணிதான். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார். துக்க வீட்டில் ஒரு பெரியம்மா, "இவ குங்குமத்துக்கு அவ்ளோதான் பலம்" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. நான் பக்கத்தில்தான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் வருட திதி. அஸ்தியைக் கரைத்த போர்ட்டிக்சன் கடலுக்கு அவர் காடியிலேயே போக வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. நான் போனபோது லயத்து வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் காடியை மூடியிருந்த கேன்வாஸை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

"ஓடிருமா தம்பி?"

"அர மணி நேரம் அண்ணி."

பாயிண்டைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினேன். கழுத்துச் சங்கிலியை வாங்குவதைப் போல இரண்டு கையாலும் வாங்கி மூடிக்கொண்டார். பெட்டியைப் பிரித்துப் புதியதை அந்த இடத்தில் பொருத்தினேன். பழைய பேட்டரி செத்துப்போயிருந்ததால் புதிது ஒன்று கொண்டுபோயிருந்தேன். பேட்டரியில் மாட்டும் ஒயர் முனைகள் இரண்டும் வெள்ளையாகப் பொரிந்திருந்தன. ஒன்றில் மட்டும் சிவப்பு தெரிந்தது. சிவப்பு என்றால் பிளஸ், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த முனை பிளஸில் நுழைய மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. திருப்புளியால் நெம்பி நுழைத்தேன். இன்னொன்று லொடலொடத்தது. தகரத்துண்டு ஒன்றை இடுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து ஒரு நூல் புகை வந்தது. தொழிற்சாலையில் இருபது வருடமாக எனக்குத் தெரிந்த வாடை அது. ஒரு நொடிதான், புதிதாய் மாட்டியது கருகிவிட்டது.

சாவியைப் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "வாங்கறப்ப பாத்து வாங்குடா. இது அந்தக் காலத்து வெள்ளக்காரன் காடி. மத்த காடி மாதிரி இல்ல, பிளஸ்தான் பாடிக்குப் போவும். மறந்துறாத." பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். பதினாலு மாதத்தில் மறந்துவிட்டேன்.

"இந்தச் செவப்பு என்னா அண்ணி?"

"குங்குமம் தம்பி. போன வருஷ ஆயுத பூஜைக்கு நான் வச்சது. எங்க வைக்கறதுன்னு கேட்டேன். கரண்டு வர்ற எடத்துல வையின்னாரு. ஏன்?"

"இந்தக் காடியில கரண்டு வர்றது மைனஸ்ல அண்ணி. செவப்பப் பாத்து பிளஸ்னு மாத்தி மாட்டிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அண்ணியின் முகம் சுருங்கவில்லை, அழவில்லை. ஏற்கெனவே கேட்ட செய்தியைத் திரும்பக் கேட்பவர் மாதிரி தலையாட்டினார்.

"அப்ப இதுவும் என் குங்குமந்தான்."

இல்லை அண்ணி. பெட்டி போன வருடம் ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது. நான் வந்து மாட்டியிருந்தால் அவர் மோட்டாரைத் தொட்டிருக்கவே மாட்டார். அவர் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார், முனையும் மாறியிருக்காது. உங்கள் குங்குமம் ஒரு பாவமும் செய்யவில்லை, எல்லாம் என் தூக்கம். இவ்வளவையும் சொல்லத்தான் நினைத்தேன். மட்கார்டின் மேல் அந்தப் பெட்டி கிடந்தது, தபால் தேதி ஒட்டிய பக்கம் மேலே தெரிய. அண்ணி அதைப் பார்ப்பதற்குள் எடுத்துக் கசக்கி என் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். அண்ணனுக்குச் சொன்னதைத் தள்ளிப்போட்டதைக்கூட மன்னிக்கலாம். இந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பழசையே மாட்டிரு தம்பி" என்று அண்ணி உள்ளங்கையை விரித்துப் பாயிண்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஓடுனா ஓடட்டும், இல்லாட்டி போவட்டும். இனிமே நான் எதையும் தொடல."

பிறகு குழாயடிக்குப் போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தார். நான் கழற்றி வைத்த முனையை எடுத்து, அந்தச் சிவப்பைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு வருடம் ஊறியது சீக்கிரம் போகவில்லை. நகத்தால் சுரண்டினார், மறுபடி துடைத்தார். அன்று துக்க வீட்டில் அவர் நெற்றியை மற்றவர்கள் துடைத்தார்கள். இதை அவரே துடைத்தார். துணி முழுதும் சிவந்து, உலோகம் வெளுக்கும் வரை நான் பாக்கெட்டில் கசங்கிய பெட்டியோடு பக்கத்திலேயே நின்றேன்.