கையெழுத்துப் போட்ட கை

கடுகண்ணாவையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் கபிரியேலுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று கண்டியில் வங்கிக்குப் போயிருந்தான். பழைய மெஷின் செத்துவிட்டது; கடன் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கேட் செய்யும் ஓடர் கைநழுவிவிடும். "உங்க கிறிப் சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாம் எடுத்த கடனும் கட்டிய ஒழுங்கும் பதிவாகியிருக்கும் அறிக்கைதான் கிறிப். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். நம்ம ஆள் பார்ப்பானா? நேரே வீட்டுக்கு வந்தான்.

மனைவி றீற்றா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதர் சங்கத்துப் பொம்பளைங்களோட சேந்து எனக்குத் தெரியாம எம்பேர வச்சு லோன் எடுத்தியாடி? எம்பேரே நாறுது!"

"சத்தியமா இல்லீங்க. சங்கக் கடன போன வருஷமே கட்டி..."

முடிக்க விடவில்லை. கன்னத்தில் அறைந்தான். விழுந்தவளை உதைத்தான். ஆத்திரம் அடங்காமல் கதிரையைத் தூக்கி அடித்தான். தடுக்க நீட்டிய இடது கை முறிந்தது. அவள் அலறல் தெரு முழுக்கக் கேட்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரமாம், தூ!

மூன்றாம் நாள், கட்டுப்போட்ட கையோடு றீற்றா அவன் முன்னால் வந்து நின்றாள். "வாங்க பேங்குக்கு. எம்மேல தப்பிருந்தா மத்தக் கையையும் ஒடைங்க."

வங்கியில் தினுஷா என்ற அலுவலர் விண்ணப்பத்தை நீட்டினார். "அடையாள அட்டையும் சின்னக் கட்டணமும் போதும் சேர். ஒன்லைன்லயும் எடுக்கலாம். அவங்கவங்க அறிக்கைய அவங்கவங்கதான் கேக்கணும்."

அறிக்கை வந்தது. கூட்டாளி லக்ஸ்மனின் மோட்டார் சைக்கிள் லீசிங் கடன், எட்டு மாதம் கட்டவில்லை. பிணையாளி: கபிரியேல். இரண்டு வருடத்துக்கு முன் கூட்டாளி நீட்டிய கடதாசியில், மாதாகோயில் கலியாணப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்து வைப்பதுபோல நினைத்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவன் அவனேதான்.

வாசலுக்கு வந்ததும் வெறி பிடித்தவன்போலக் கத்தினான். "லக்ஸ்மன இன்னைக்கே வெட்டிப் போடுறேன்!"

றீற்றா குறுக்கே நின்றாள். "அன்னைக்கு என்னைய அடிச்சீங்க. இன்னைக்கு அவன வெட்டப் போறீங்க. கையெழுத்துப் போட்ட கைய யாருங்க அடிக்கிறது?"

கபிரியேல் அவள் வீங்கிய முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தான். "மன்னிச்சிரு றீற்றா" என்று அழுதான்.

"நீங்க அடிச்சத பொலிசுல எழுதிக் குடுத்துட்டேன். நாவலப்பிட்டியில தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள் அவள். "வாசிக்காம பிணைக்கு நிக்காதீங்க. வருஷத்துக்கு ஒருக்காவாவது இந்த அறிக்கைய எடுத்துப் பாருங்க. பேரு கெட்டா கடனக் கட்டிச் சரிபண்ணலாம். கை ஓங்கின வீட்ட எந்த பேங்கும் சரிபண்ணித் தராது."

நாவலப்பிட்டி பஸ் வந்தது. றீற்றா ஏறிவிட்டாள்.