ஒருத்திக்கே பிள்ளை தங்கும் வீடு

காகிதப் பை ஒட்டும் அந்த வீட்டில் ஒரு சமயத்தில் ஒருத்திக்குத்தான் கரு தங்கும். அக்கா தங்கை மூவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, கணவன்மாரும் பேருக்கு அங்கேயேதான் கிடந்தார்கள். ஆனாலும் வருடம் தவறாமல் பெற்றவள் மூத்தவள் மட்டும்தான். ஊரில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்கு முன் காகித விலை ஏறும், மூத்தவளுக்கு வயிறு ஏறும் என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். மூத்தவள் பரம சாது. சுவரோரம் உட்கார்ந்து பாலூட்டுவாள், அவ்வளவுதான். காகிதம் வெட்டுவது, பசை காய்ச்சுவது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது எல்லாம் மற்ற இருவர் தலையில். கடைக்குட்டிக்குத் தன் வயிற்றில் ஒரு பிள்ளையாவது வேண்டும். அக்காள் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு காய்த்ததுதான் மிச்சம்.

மாடியறைக்குக் குடிவந்த பூச்சி ஆராய்ச்சிக்காரர், அந்த வீட்டு விட்டத்தில் இருந்த குளவிக் கூட்டில் ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணப் புள்ளி வைத்துக் கவனித்துவந்தார். தேனீ, எறும்பு, குளவி எல்லாம் ஒரே வம்சத்துப் பங்காளிகள், எறும்பு என்பது நடந்தே பிழைக்கக் கற்றுக்கொண்ட குளவிதான் என்பார். ராணி போய்விட்டால் என்ன ஆகும் என்று கடைக்குட்டி கேட்டாள்.

"மத்ததுல ஒண்ணு எல்லாத்தையும் போட்டு அடிக்க ஆரம்பிக்கும். ஒரு வாரத்துல அதுவே முட்டை போடும்."

"அது எதுன்னு முன்னாடியே தெரியுமா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. அதுங்களுக்குத் தெரியும்."

ராணி போனால் மற்றதில் ஒன்று முட்டை போடும் என்ற பாதியை மட்டும்தான் கடைக்குட்டி காதில் போட்டுக்கொண்டாள். மறுநாளே, காற்று வாங்கிவிட்டு வா என்று மூத்தவளைத் தெருவுக்கு அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். மூத்தவள் பொழுது சாயும்வரை தட்டினாள். திறக்க யாரும் எழவில்லை, அவள் பெற்ற பிள்ளைகள்கூட. அந்த ஒரு பகலுக்குள் அவளுக்குத் தலை நரைத்து, பல் கொட்டி, உடம்பு கைப்பிடியளவாகச் சுருங்கியது. காற்று அவளைத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனது. பாவி, கடைக்குட்டி அதை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

விடிந்ததும் மூத்தவளின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத நடுவள் எழுந்து வந்து, மடிப்பு நீவும் கட்டையால் அவளை அடித்தாள். பிறகு கணவன்மாரை, பிள்ளைகளை. இதற்காகவே காத்திருந்தவர்கள்போல எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் நடுவளுக்கு வயிறு மேடிட்டது. அத்தோடு அடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் சாதுவாக உட்கார்ந்துவிட்டாள். மூத்தவளின் கைக்குழந்தைக்குப் பால் தரக்கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே உத்தரவு. கடைக்குட்டி ஒளித்து ஒளித்துச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிப் பார்த்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்து பசை காய்ச்சினாள். ஊர், நடுவள் வயிற்றைப் பார்த்துக் காகித விலை சொல்லப் பழகிக்கொண்டது.

அடுத்த முறை தனக்குத்தான் என்ற நினைப்பிலேயே கடைக்குட்டி வருடங்களை ஓட்டினாள். ஒரு மத்தியானம், மூத்தவளின் இருபதைத் தொட்ட மகள் பைக்கட்டைச் சுமந்துகொண்டு கூடத்தைக் கடந்தாள். கணவன்மார் காலை மடக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒதுங்கினார்கள். நடுவள்கூட முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"சித்தி, கொஞ்சம் நகருங்க" என்றாள் அந்தப் பெண்.

கடைக்குட்டி ஏற்கெனவே நகர்ந்திருந்தாள்.