பூட்டு வைத்த கல்தொட்டி

அந்தக் கல்தொட்டியை டெம்போவிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இறக்கும்போதே ஒருத்தனுக்குக் கால் விரல் நசுங்கியது. சகுனம் பார்க்கிறவர்களாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பார்கள். முத்துமாரி அவன் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து மாதா கோயிலை மூடிச் சாமான்களை விற்றபோது கண்டெய்னர் ஏறி வந்தது அது. வாங்கியவன் மாட்டுங்கா நகுல், வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவன். செம்பூரில் ஒரு பெரிய ஃப்ளாட்டில் கை கழுவும் தொட்டியாக வைக்க வேண்டுமாம். ஓட்டை போட்டுக் குழாய் பொருத்தும் வேலையை முத்துமாரியின் புருஷன் செல்வத்திடம் கொடுத்திருந்தான். செல்வத்துக்குத் தாராவியில் கல் அறுக்கிற பட்டறை, அதற்கு மேலேயே வீடு. முத்துமாரி வீட்டு வேலை செய்வது நகுலின் அம்மா விஜயலக்ஷ்மி மாமியிடம்.

"எண்ணூறு வருஷப் பழசு, செல்வம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் பண்ற தொட்டி." விளிம்பில் எதிரெதிரே துருப்பிடித்த இரண்டு இரும்பு வளையங்களை நகுல் காட்டினான். "மூடி போட்டு இதுலதான் பூட்டுவாளாம். இல்லேன்னா ஜெபிச்ச தண்ணியத் திருடிண்டு போய் சூனியம் வச்சுடுவாளாம்."

"அங்கயும் தண்ணித் திருட்டா சார்?" என்று செல்வம் சிரித்தான்.

செம்பூர் ஃப்ளாட் ஏதோ தகராறில் நின்றுபோனது. தொட்டி பட்டறை வாசலிலேயே கிடந்தது. எட்டுப் பக்கமும் சிற்பம். மனித முகங்களையெல்லாம் யாரோ எப்போதோ கொத்தி எடுத்திருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து வாயைப் பிளந்த பாம்பை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தார்கள். முத்துமாரி அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னாள். ஆறு வருஷம் ஏங்கித் தவித்த பிறகு அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது, அப்போது நாலாம் மாசம்.

அந்த வாரம்தான் வீட்டு டிரம் விரிசல் விட்டது. குழாயில் தண்ணீர் வருவதோ காலையில் ஒன்றரை மணி நேரம். வாசலில் அத்தனை பெரிய தொட்டி சும்மா கிடக்க, ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? உள்ளே சாம்பல் நிறத்தில் தகடு பதித்திருந்தது. புளியைக் கரைத்து நாலு தேய் தேய்த்தாள். பளபளவென்று வெள்ளை எட்டிப் பார்த்தது.

"ஏங்க, இது ஈயம்! மாமி வீட்டுல ரசம் வைக்காவல்லா, அதே சொம்பு கணக்கா இருக்கு. ஒடம்புக்கு நல்லதுன்னு மாமி சொல்லுவாவ."

"கோயில் சாமான்ட்டி."

"தண்ணிதான ஊத்தப்போறேன், எச்சியா துப்புதேன்?"

செல்வம் பட்டறையில் டீயாகவே குடித்துத் தீர்க்கிறவன். தொட்டித் தண்ணீர் முழுக்க அவளுக்குத்தான். கல்லில் நின்ற தண்ணீர் சில்லென்று இருந்தது. அடிநாக்கில் லேசாக ஓர் இனிப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தண்ணீர் இனித்தால் சந்தோஷம்தானே! வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்து, ரெண்டு செம்பு கூடவே குடித்தாள்.

ஒருநாள் தண்ணீர் ஒரு குடம் குறைந்திருந்தது. அடுத்த வீட்டுப் பேராச்சிக்கு மூன்று பிள்ளைகள், எப்போதும் தண்ணீர்ப் பஞ்சம். கேட்டதற்கு, "ஒரு கொடந்தானட்டி எடுத்தேன், என்னமோ ஒன் உசுர எடுத்த மாதிரி பேசுத!" என்று பேராச்சி எகிறினாள். முத்துமாரி பலகையில் மூடி அடிக்கச் சொல்லி, வளையங்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்துப் பூட்டிவிட்டாள். எண்ணூறு வருஷத்து வளையத்தில் கடைப் பூட்டு கச்சிதமாக மாட்டியது. அன்று முதல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ஏழாம் மாசம் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. மாமி வீட்டில் கையிலிருந்து டம்ளர் நழுவியது, இரண்டு தடவை. பல் விளக்கும்போது ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. தேய்த்தாள், போகவில்லை. ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதையும் தொட்டித் தண்ணீரில்தான் விழுங்கினாள்.

எட்டாம் மாசம் ஃப்ளாட் தகராறு தீர்ந்தது. செல்வம் ஓட்டை போட அளவு பார்த்தபோது, தகட்டின் ஓரத்தில் ஒரு துண்டு சுருண்டு வந்தது. முத்துமாரி அதைப் பெருமையாக மாமியிடம் கொண்டுபோனாள்.

மாமி துண்டைக் காதோரம் வைத்து வளைத்தாள். மறுபடியும் வளைத்தாள். "நல்ல ஈயம்னா வளைச்சா கரகரன்னு சத்தம் வரும். இது ஊமையா இருக்கே!" சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு கோடு இழுத்தாள். பென்சில் மாதிரி கறுப்பாக விழுந்தது. "இது காரீயம்டீ. விஷம். இத வச்சுண்டு என்ன பண்றே?"

"தண்ணி குடிக்கேன் மாமி."

"எத்தன நாளா?"

முத்துமாரி விரல் விட்டு எண்ணினாள். நாலாவது விரலோடு மாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஐயோ, என் பிள்ளை அனுப்பின கல்லாச்சே இது!" என்றாள் மாமி. "ஆத்துக்குப் போய் ஃபைல எடுத்துண்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. நான் டாக்ஸில வந்துடறேன்."

முத்துமாரி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வயிறு அசைகிறதா என்று வழியெல்லாம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். செல்வம் பட்டறையில் இல்லை. தொட்டி அருகே பேராச்சி காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். ரோஷத்தையெல்லாம் விழுங்கிவிட்டு வந்திருப்பது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்குக் கொழாயே வரலட்டி. சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு கொடம் மட்டும் தா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

சாவி முத்துமாரியின் முந்தானை முடிச்சில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தர மாட்டேன்க்கா" என்றாள்.

பேராச்சி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியாட்டி? ஒன் தண்ணிய நீயே குடி!"

"குடிச்சிட்டேன்க்கா" என்றாள் முத்துமாரி. "நாலு மாசமா நாந்தான் குடிச்சிருக்கேன்." பூட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.