தகரக் கார், பச்சை, ஆளுடன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஏலக்கூடத்தின் வாசல் காணாமல் போனது ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. மற்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயே இருந்தது, வந்தார்கள், போனார்கள். அவர் போனால் மட்டும் சுவர். ஏழு தகரப் பொம்மைக் கார்கள் கொண்ட வரிசையில் ஆறு அவர் வீட்டில் இருந்தன. ஏழாவதான பச்சைக் காரை, கையிலிருந்த நாற்பதாயிரம் முழுவதற்கும் ஏலம் கேட்டு எடுத்துவிட்டார். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் கால் பங்கு வாங்குபவர் கட்டணம் உண்டென்று பட்டியலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தைப் படிக்க ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்துகொடுத்த மனிதர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் கார் ஐம்பதாயிரம் ஆயிற்று. பத்தாயிரம் இல்லை, அதனால் வாசலும் இல்லை.

காரை வைத்துவிட்டுப் போகலாம் என்றார் காசாளர். முதல் நாள் கடைக்காரருக்கு மனசு வரவில்லை. இரண்டாம் நாள் மனசு வந்தது, கார் கையை விட்டு வரவில்லை. மகள் பத்தாயிரத்தைப் புரட்டிக்கொண்டு வந்தபோது பொருளை வைத்திருந்த கூலியும் சேர்ந்து பதினாலாயிரமாகியிருந்தது. பதினாலோடு வந்தபோது இருபது. இப்படியே மூன்று வருடம் போயிற்று. அவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே வெயிலா மழையா என்று வருகிறவர்களிடம் கேட்டார். வீட்டு ஞாபகம் தாங்காமல் சில நாள் அழுதார்.

மூன்று வருடம் மீட்கப்படாத பொருள் மறுபடி ஏலத்துக்கு வரவேண்டும் என்பது விதி. பட்டியலில் ‘தகரக் கார், பச்சை, ஆளுடன்’ என்று அச்சடித்தார்கள். மகள் மற்ற ஆறு கார்களையும் கடையையும் விற்று ஒரு லட்சத்தோடு வந்தாள். கட்டணம் போக எண்பதாயிரம்வரைதான் கேட்கலாம் என்று உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தாள். எண்பதுவரை கேட்டாள். பொம்மை சேர்க்கும் பல் டாக்டர் ஒருவர் எண்பத்தொன்று என்றார். மகளின் கை மறுபடி மேலே எழுவதைப் பார்த்து கடைக்காரர் குரல் கொடுத்தார்.

“வேண்டாம்மா, கையை இறக்கு. அப்புறம் நீயும் இங்கதான் உட்காரணும்.”

அவள் இறக்கினாள். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாயில் அப்பா கைவிட்டுப் போனார். டாக்டர் கட்டணத்தோடு முழுதாகக் கட்டி, காரையும் ஆளையும் வாசல் வழியாகவே எடுத்துப் போனார்.

இப்போது அவர் டாக்டரின் காத்திருப்பு அறையில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறார். பல்லில் ஒரு சொத்தைகூட இல்லாத மகள் மாதம் ஒருமுறை டோக்கன் வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். இருவரும் வீட்டு விஷயம் பேசுகிறார்கள். எண்ணைக் கூப்பிட்டால், தனக்கு அவசரமில்லை என்று அடுத்தவரை உள்ளே அனுப்பிவிடுகிறாள்.